ஓர் இரவுக்கு ஆள் வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்று கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். அந்த ஓய்வுக்காகத் தொழிலை நிறுத்தி வைக்கும் மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. தொகை போதாது என்ற பேச்சு ஆண்டுதோறும் எழும், நியாயமான பேச்சுதான். ஆனால் ஓய்வு தேவை, அதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையைப் பொதுப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் எந்தச் சங்கத்துக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்கா ஒரு தடைக்காலத்தின்போது, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, "கடலுக்குக்கூட லீவு இருக்கிறது, பார்த்தாயா" என்றாள். குறைப்பட்டுக்கொள்ளும் குரலில் சொல்லவில்லை. சொன்ன கையோடு, வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைக்கத் திரும்பிவிட்டாள். அந்த வாக்கியம் என்னைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டது.

மாமிக்கு வாதம் அடித்து வலப்பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் இப்படி ஒரு கட்டில் கிடந்திருக்கும், அல்லது இப்போதும் கிடக்கும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதையும், மூத்திரப் பை மாற்றுவதையும், படுக்கைப் புண் வந்துவிடக்கூடாதே என்று முதுகைத் தடவித் தடவிப் பார்ப்பதையும் நான் விவரிக்கத் தேவையில்லை. மச்சான் விசைப்படகுத் தொழிலாளி. ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்கள், திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகிறவை. போனால் மறுநாள் காலைதான் கரை. அந்த இரவுகளில் அக்கா தனியாள். மாமிக்கு இரண்டு மகள்களும் உண்டு. தொண்டியில் ஒருவர், தூத்துக்குடியில் ஒருவர். பழத்துடன் வருவார்கள், அறிவுரையுடன் போவார்கள்.

அக்காவுக்கு முன்பு ஒரு தொழில் இருந்தது. கரையில் ஏலம் எடுத்து, மணலில் வலை விரித்துக் கருவாடு காயவைத்து, மொத்த வியாபாரிக்குக் கொடுப்பாள். வீட்டில் மச்சான் கொண்டுவரும் பங்குப் பணத்துக்கு அடுத்த வருமானம் அதுதான். கட்டில் போட்ட மாதமே அது நின்றது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை; யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. காலையில் ஏலத்துக்குப் போகவேண்டிய நேரமும் மாமியைச் சுத்தம் செய்யவேண்டிய நேரமும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். மருத்துவச் செலவு எவ்வளவு என்று உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். நின்றுபோன கருவாட்டு வருமானம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை.

யார் பெயரில் வருகிறது

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் வழியாக ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நோய் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவதும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்த செவிலியர், படுக்கை விரிப்பையே பிடியாக வைத்து ஒருவரைப் புரட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தார். அதற்கு முன் அக்கா மாமியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கித் தன் இடுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மருந்தைவிடப் பெரிய உதவி அதுதான் என்று இன்றும் சொல்வாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் படுத்தால் உதவும். கட்டிலை வீட்டில் போட்ட பிறகு டயப்பருக்கும் காற்று மெத்தைக்கும் அது வராது.

பிறகு பணம். கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. பாதிப்பு 75 சதவீதம் இருக்க வேண்டும். மாமியைப் பாம்பன் பாலம் தாண்டி, 40 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கியபோது அதில் 70 என்று இருந்தது. அந்த ஐந்து சதவீதம் மாமியின் உடலில் எந்த இடத்தில் மிச்சமிருக்கிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் கிடைத்தது. 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தப்பட்ட தொகை. அதற்கு முன் முதியோர் ஓய்வூதியத்துக்கு அலைந்தபோது, ஓர் அலுவலகத்தில், "மகன் இருக்கிறார், மருமகள் பார்த்துக்கொள்கிறார், பிறகு என்ன ஆதரவற்றவர்?" என்று கேட்டார்கள். கேட்டவர் கெட்டவர் அல்ல. அவர் கையிலிருந்த விதியின் கண்ணால் பார்த்தால், அக்கா என்கிற ஒருத்தி இருப்பதே மாமியின் தகுதிக் குறைவு.

இந்த ஓட்டங்களில் பாதியை ஓடியவன் நான் என்பதால் ஒன்றைக் கவனித்தேன். எல்லா உதவியும் படுத்திருப்பவர் பெயரில் வருகிறது. பார்த்துக்கொள்பவர் அந்தக் காகிதங்களில் விரலைப் பிடித்து ரேகை வைக்க உதவும் கையாக மட்டும் இருக்கிறார். அக்கா பெயரிலேயே வரும் ஒரே பணம் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். வீட்டில் பெண்கள் ஊதியமில்லாமல் செய்யும் உழைப்பை அங்கீகரிப்பதாகச் சொல்லி 2023 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அந்த அங்கீகாரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது கட்டில் உள்ள வீட்டுக்கும் கட்டில் இல்லாத வீட்டுக்கும் ஒரே தொகை.

சட்டத்தில் மட்டும் பார்த்துக்கொள்பவருக்கு ஓர் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பராமரிப்பாளர் யார் என்று வரையறுக்கிறது: பெற்றோர், குடும்பத்தினர் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ கவனித்துக்கொள்கிறவர். அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படியையும் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்று ஒரு சொற்றொடர் நிற்கிறது. அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் முதியோரின் மறதி நோய் பெயர் சொல்லி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த நோயுள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு இரவு என்பதே கிடையாது.

இன்னொரு சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளைகள் பார்க்காவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் வாங்கலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. நல்ல சட்டம், தேவையான சட்டம். பார்க்காத பிள்ளைக்கு இத்தனை விவரமாகத் தண்டனை எழுதிய கை, பார்க்கிற மருமகளுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அவள் கேட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தத் திட்டங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வருமான வரியில் 80டிடி பிரிவு என்று ஒன்று இருந்தது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், கடும் பாதிப்பென்றால் 1,25,000 ரூபாய் கழிவு. அதைக்கூட எழுதி வைத்திருந்தேன். படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டில் வருமான வரிக் கழிவைப் படித்துக் காட்டிய என்னை அக்கா பொறுமையாகப் பார்த்தாள். சரி, உனக்கு என்னதான் வேண்டும், அதைச் சொல், அதற்கு வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்றேன்.

"கச்சத்தீவு போக வேண்டும்" என்றாள்.

இந்தக் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ வரும் அந்தோணியார் திருவிழா. ராமேசுவரத்திலிருந்து படகில் போய், மாலையில் கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவு தேர், அங்கேயே மணலில் படுத்து, காலைத் திருப்பலி முடித்துத் திரும்புவது. அக்கா கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் விடாமல் போய்க்கொண்டிருந்தவள். கட்டில் போட்ட பிறகு போகவில்லை. அவள் கேட்டது ஒரு பகலும் ஓர் இரவும் இன்னொரு பகலில் பாதியும்.

நான் மதுரையில் ஹோம் நர்ஸ் அனுப்பும் ஓர் இடத்தில் விசாரித்தேன். மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாது, சாப்பாடும் தங்குமிடமும் நாம் தர வேண்டும், மாதக் கணக்கில்தான் ஆள் வரும், ஓர் இரவுக்கெல்லாம் அனுப்புவதில்லை என்றார்கள். ராமநாதபுரத்தில் முதியோர் இல்லங்களில் கேட்டேன். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு நாளுக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் இல்லை. எடுத்துக்கொண்டால் நிரந்தரமாக, இல்லையென்றால் இல்லை. மருத்துவமனை என்றால் கூட ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் அக்கா. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இந்தக் கரை முழுவதும், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ஒரு நோயாளியை ஓர் இரவு நம்பி விட்டுவிட்டு மறுநாள் வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்ற ஓரிடத்தை எனக்குத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதம் 1,500 ரூபாய் தருவதற்கு அரசிடம் ஒரு வழி இருக்கிறது. ஓர் இரவைத் தருவதற்கு இல்லை.

எப்படியோ உறவில் ஒரு பெண்ணைப் பேசி ஏற்பாடு செய்தோம். அது 2024. மீனவர்கள் இலங்கைச் சிறையில் அடைக்கப்பட்டதைக் கண்டித்து அந்த வருடம் இங்கிருந்து திருவிழாவுக்குப் படகே போகவில்லை. அக்கா பேசாமல் பையிலிருந்த துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

ஏர்வாடியைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது

ஓரிடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, மனநோய் தீரும் என்று நம்பி மக்கள் தர்காவுக்கு வரும் ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள்; 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன, அங்கிருந்தவர்கள் அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். பின்னாளில் தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றாகக் கிடைக்கும்படி மனநல மருத்துவர்களை அமர்த்தும் திட்டம் வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று சொல்கிறது.

அந்தத் தீயைப் பற்றி அன்று முதல் இன்று வரை எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மூடநம்பிக்கையைப் பற்றியது, அடுத்த பகுதி காப்பக முதலாளிகளின் பேராசையைப் பற்றியது. இரண்டும் இருந்தன. ஆனால் அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் எல்லாம் பேயோட்ட வந்தவை என்று நான் நம்பவில்லை. இரவெல்லாம் கத்தும் ஒருவரோடு, கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடும் ஒருவரோடு, வேலைக்கும் போக முடியாமல் தூங்கவும் முடியாமல் கிடந்த ஒரு வீட்டுக்கு, "இங்கே விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாதம் இவ்வளவு" என்று சொன்ன ஒரே கூரை அது. ஓய்வுக்கு ஏங்கிய குடும்பங்கள் கொடுத்த பணத்தில்தான் அந்தக் கொட்டகைகள் நின்றன. கொட்டகைகளை மூடியது சரி. அந்தக் குடும்பங்களின் தேவை அதோடு சேர்ந்து மூடப்படவில்லை. அது அவரவர் வீட்டுக்குள் திரும்பிப் போனது. புதிய மனநலச் சட்டம், நோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவளிக்கும் சேவைகளையும் இடைக்கால விடுதிகளையும் அரசு தர வேண்டும் என்று சொல்லத்தான் செய்கிறது. சங்கிலி பற்றிய வரியைக் காட்டி அதிகாரிகள் எச்சரிப்பதைக் கேட்டிருக்கிறேன். இந்த வரியைக் காட்டி யாரும் எதையும் திறந்து வைத்ததை நான் பார்த்ததில்லை.

பாம்பன் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறையில் முங்கி முங்கிப் பாசி பறிக்கும் வேலை. விடியலில் போனால் பிற்பகலில்தான் திரும்ப முடியும். அவருடைய மகனுக்கு அறிவுசார் குறைபாடு. தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவான், பதினாறு வயது, பிடிக்க முடியாது. அவனுக்குப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் தவறாமல் வருகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, அவனைச் சேர்த்தும் விட்டிருக்கிறார்கள். எல்லாக் காகிதமும் சரியாக உள்ள வீடு. பாசிக்குப் போகும் நாளில் மகனின் காலைப் பழைய சேலையால் கட்டில் காலோடு கட்டிவிட்டு, பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போகிறார். இதை என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை, நியாயம் சொல்லவும் இல்லை. முடிச்சு இறுகாமல் இருக்க எப்படிப் போட வேண்டும் என்பதைத்தான் சொன்னார்.

அவரைக் கண்டிக்கும் உரிமை யாருக்காவது இருக்கிறதென்றால், அது அந்தக் காலை நேரத்தில் அவனோடு உட்கார்ந்திருக்க முன்வருகிறவருக்குத்தான்.

மார்ச் 14

2025இல் திருவிழா மார்ச் 14, 15. இந்த முறை படகுகள் போயின. உறவுக்காரப் பெண் கைவிரித்துவிட்டாள், மகளுக்குத் தேர்வு. மாமியின் மகள்களில் ஒருவருக்கு முட்டிவலி, இன்னொருவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அப்போது நான் மச்சானைப் பார்த்துக் கேட்டேன். நீங்கள் ஒருநாள் இருந்தால் என்ன?

"நானா? அம்மாவுக்கா?"

அந்தக் கேள்வியில் சோம்பல் இல்லை. மனிதர் நடுக்கடலில் வலை சிக்கினால் இருட்டில் குதித்து அறுப்பவர். மகன் தாயின் உடலைச் சுத்தம் செய்வது என்பதுதான் அவரை நிறுத்தியது. அது மாமிக்கும் பெருத்த அவமானமாக இருக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஒருவேளை அது சரியாகவும் இருக்கலாம். நாட்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, 2024, ஒரு கணக்குச் சொல்கிறது: 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள், நாளுக்குச் சராசரி 140 நிமிடம், ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். இந்த எண்களை மேடையில் படித்தால் கைதட்டல் கிடைக்கும். மச்சான் முன்னால் படித்தால் ஒன்றும் நடக்காது. அவருடைய கூச்சத்துக்கு நிமிடக் கணக்கில் பதில் இல்லை.

வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கணவரை இழந்த பெண்மணி, தன் தாயைக் கடைசி வரை பார்த்தவர், கை பழகியவர். அவரிடம் சும்மா கேட்கக் கூடாது என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். சும்மா கேட்டால் ஒருமுறைதான் கேட்க முடியும், காசு கொடுத்தால் மறுபடியும் கேட்கலாம் என்பது அவள் கணக்கு. இரவுக்கு 1,000 ரூபாய் பேசினோம். சுத்தம் செய்வதும் துணி மாற்றுவதும் அவர். புரட்டிப் படுக்க வைப்பதும் ஊட்டுவதும் மச்சான். செவிலியர் காட்டிய விரிப்பு முறையை அக்கா மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வலை இழுக்கிற கை, வெடுக்கென்று இழுத்துவிடும். மெதுவாக, மெதுவாக என்று அவள் அதட்டியது வாசல் வரை கேட்டது. எந்த மாத்திரை எப்போது, கஞ்சி எவ்வளவு சூடு, மாமி இடது கையால் கட்டிலைத் தட்டினால் என்ன, கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று ஒரு நோட்டில் எழுதினாள். எழுதத் தொடங்கினால் நிற்கவில்லை, பக்கம் பக்கமாகப் போனது. அத்தனையையும் அதுவரை தலையில் வைத்திருந்தாள்.

அன்றிரவு எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுத ஆசைதான். மாமி மச்சான் கையால் இரண்டு கரண்டி வாங்கிவிட்டுப் பல்லை இறுக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி துணியை எடுத்தபோது இடது கையால் அவர் கன்னத்தில் ஓங்கி அடித்துவிட்டார். விடியும் வரை தூங்கவில்லை, மச்சானையும் தூங்கவிடவில்லை. பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு என்று நாம் பேசும்போது படுத்திருப்பவரின் விருப்பத்தை மறந்துவிடுகிறோம். தன் உடம்பை யார் தொட வேண்டும் என்பது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம். முன்பின் தெரியாத ஆளைத் திடீரென்று ஓர் இரவுக்கு இறக்குவதால்தான் இந்தச் சண்டை. வாரம் ஒரு மணி நேரமாவது அந்தப் பெண்மணி முன்கூட்டியே வந்து பழகியிருந்தால் அடி விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அக்கா திரும்பி வந்தாள். தேர் எப்படி என்று கேட்டேன். தேரைப் பார்க்கவில்லையாம். சிலுவைப்பாதை முடிந்ததும் தார்ப்பாய்க்கு அடியில் சற்றுச் சாய்ந்தவள், காலை மணியடிக்கும் வரை எழவில்லை. "வாணவேடிக்கைகூடக் கேட்கவில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். மாமி அவளை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை.

வேறு ஊர்களில்

பிரிட்டனில் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கென்றே 1976இல் ஒரு படி கொண்டுவந்தார்கள். கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் தர்க்கம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்கி டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகு, 1986இல்தான் அந்த விலக்கு போனது. லண்டனில் உட்கார்ந்து யோசித்தவர்களும் எங்கள் ஊர்ப் பெரிசுகளைப் போலத்தான் யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி. ஜெர்மனியில் 1995இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீடு இன்னும் ஒருபடி மேலே போகிறது. வீட்டில் பார்த்துக்கொள்பவர் பெயரில் ஓய்வூதியச் சந்தா கட்டுகிறது. அவர் விடுப்பில் போனால் மாற்று ஆளுக்கான செலவை ஆண்டுக்குச் சில வாரங்கள் ஏற்கிறது. விடுப்பு என்பதை அங்கே ஒரு வரவுசெலவுத் தலைப்பாகவே வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் படுக்கையிலிருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். தொகை சிறியது, ஆனால் அது பார்த்துக்கொள்பவர் பெயரில் வருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் தணிப்புச் சிகிச்சை இயக்கம். மருத்துவர்கள் தொடங்கியது, பிறகு ஊர்க்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். எங்கள் கரையில் பங்குக் கோயில் இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, படகுச் சங்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் ஒரு மணி நேரத்தில் பந்தலும் நாற்காலியும் சாப்பாடும் வந்துவிடும். இறப்பதற்கு முந்தைய ஐந்து வருடத்துக்கு யாரும் வருவதில்லை.

இதையெல்லாம் வைத்து ஒரு மனு எழுதினேன், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு. ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் இரண்டு படுக்கை, ஓரிரு இரவுக்கு நோயாளியை விட்டுப் போக. ஊராட்சிக்குச் சில பெண்களுக்குப் பயிற்சி, வீட்டுக்கு வந்து மாற்றி உட்கார. மூன்றாவதாக, மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருக்கும் 61 நாள்களில், செவிலியர் வந்து அவர்களுக்கும் புரட்டவும் ஊட்டவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவதை எழுதியபோது மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

பணத்தைப் பற்றி வேண்டுமென்றே எழுதவில்லை. பணம் கேட்டால் இருக்கும் திட்டத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள், இரவைக் கேட்டால்தான் அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது என் தந்திரம். அக்கா முழுதும் படித்தாள். "எல்லாம் சரி, தம்பி. உட்கார வரும் பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றாள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் என்று போட்டிருந்தேன். தன்னார்வலர் என்ற இடத்தைப் பேனாவால் அடித்தாள். கன்னத்தில் அடி வாங்கிக்கொண்டு மறுமாதம் சும்மா யார் வருவார்கள் என்றாள். மேலே இரவுக்கு 1,000 ரூபாய் என்று எழுதி, மாதம் முதல் வாரத்தில் தர வேண்டும் என்று சேர்த்தாள். பிறகு சற்று யோசித்து, கீழே இன்னொரு வரி: கருவாட்டு ஏலத்துக்குப் போக வாரம் மூன்று காலை. அது மனுவில் சேராது, வேறு துறை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

மனுதாரர் அவள்தான். ஆனால் கூட்டம் நடப்பது திங்கள், படகு கடலுக்குப் போவதும் திங்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி பகலுக்கு 500 ரூபாய் கேட்கிறார், அதற்கு அக்கா சம்மதித்துவிட்டாள். மாமி இப்போது அவரை அடிப்பதில்லை, முறைப்பதோடு சரி. இந்த வாரம் முடிந்தால் ராமநாதபுரம் பஸ்ஸில் நாங்கள் இருவருமாகப் போகிறோம், இல்லையென்றால் அடுத்த வாரம்.